எந்தத் தடையுமின்றி ஐம்பதாயிரம் கிலோமீட்டர்

ஜெபசெல்வி டீச்சருக்கு எழுத்து அழகு. பள்ளிக்கூடத்தில் வரவேற்புப் பலகை, சபையில் வாலிபர் கூட்ட அறிவிப்பு, தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறை என்றாலும் பேனாவைக் கொண்டுவந்து அவள் கையில்தான் திணிப்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும். அந்த அழகான எழுத்தை வைத்துத்தான் தன் வீட்டுக்குத் தானே குழி வெட்டினாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். ஸ்தோத்திர காணிக்கை போடுகிறவர்கள், எதற்காகப் போடுகிறோம் என்று உறையின் மேல் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் அதை மைக்கில் வாசிப்பார். மகன் பாஸானதற்கு, கிட்னியில் கல் கரைந்ததற்கு, போர் போட்டதில் உப்பில்லாத தண்ணீர் வந்ததற்கு என்று வரிசையாக வரும். பிரசங்கத்தை அரைக் காதில் கேட்கிற சபை, காணிக்கை வாசிப்பை மட்டும் இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு கேட்கும். அடுத்த வீட்டு விசேஷம் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் தூத்துக்குடியில் கிடையாது.

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் வாசித்தார். “நேசக்குமார், ஜெபசெல்வி குடும்பத்தார். தங்கள் வாகனத்தை எந்தத் தடையுமின்றி ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடச்செய்த தேவனுக்கு நன்றியாக.”

சபை திரும்பிப் பார்த்தது. நேசக்குமார் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். காது மடல் பெருமையில் சிவந்திருந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெபசெல்வியோ வேதப் புத்தகத்தைத் திறந்து முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டாள். நான்கு நாளைக்கு முன்னால், புதன்கிழமை, துறைமுகம் போகிற ரோட்டில் நிலக்கரி லாரிகளுக்கு நடுவே அந்த வாகனம் அசையாமல் நின்றுவிட்டது. அது மூன்றாவது தடவை.

உறையை எழுதும்போதே அவள் கேட்கத்தான் செய்தாள். “ஏங்க, ஏற்கெனவே ரெண்டு தடவ நின்னுச்சுல்லா. எந்தத் தடையுமின்றின்னு எப்படி எழுத?”

“அது வண்டி நின்னது இல்லளா. சென்சார் கோளாறு. நீ எழுது,” என்றான் அவன். அவள் எழுதினாள். மூன்றாவது தடவை நின்றபோது உறை ஐயர் கைக்குப் போய்விட்டது. திருப்பிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

நேசக்குமார் துறைமுகச் சரக்குகளைக் கையாளும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் மேனேஜர். கன்டெய்னர்களுக்குப் பின்னால் வெயிலில் ஓடி ஓடி, ஐம்பது வயதில் ஏசி அறையில் உட்கார்ந்தவன். அந்த டர்போ செடானை வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சு கிடையாது. கால் வைத்தால் சீறுகிறது, உள்ளே உட்கார்ந்தால் வெளிச்சத்தம் கேட்கவில்லை, பின் சீட்டில் பச்சைப் பிள்ளையைப் போட்டால் தூங்கிவிடும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அதே கார் வைத்திருப்பவர்களுக்கு ‘முத்துநகர் டர்போ குடும்பம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதற்குத் தானே அட்மின் ஆனான். அவன் பேச்சைக் கேட்டு மட்டும் பதினொரு பேர் அந்தக் காரை வாங்கியிருந்தார்கள். ‘டர்போ அண்ணாச்சி’ என்று பட்டப்பெயர் வந்தது. குழுவில் பாண்டித்துரை என்று ஒருவர், வண்டி நட்டநடு ரோட்டில் இழுவை இல்லாமல் நின்றுவிட்டது என்று எழுதினார். உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஆளாளுக்கு அவரைப் பிய்த்து எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் நேசக்குமார் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டான்.

அவன் வண்டி நின்ற மூன்று தடவையும் தூத்துக்குடி ஒர்க்ஷாப்புக்குப் போகவில்லை. நாலு பேர் பார்த்துவிடுவார்களே! திருநெல்வேலிக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஒரு தடவை ஜெபசெல்வியும் கூடப் போனாள். அங்கே காத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழுவிலிருந்து மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பாண்டித்துரையைப் பிய்த்து எடுத்த அதே மூன்று பேர்.

“என்ன அண்ணாச்சி, இங்கன?” என்றார் ஒருவர்.

“சும்மா ஆயில் மாத்தலாம்னு,” என்றான் நேசக்குமார்.

“நாங்களும் அதுக்குத்தான்.”

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு வண்டிகளும் மூடியைத் திறந்து, டர்போவைக் கழற்றி வெளியே போட்டுக் கிடந்தன. நான்கு பெரிய மனிதர்களும் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். ஜெபசெல்விக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

புருஷன் மேல் மட்டும் பழியைப் போட்டால் அது நியாயமாகாது. அந்தக் கார் அவளுக்கும் வேண்டியிருந்தது. சாத்தான்குளத்தில் அவள் பிறந்த வீடு ஹெட்மாஸ்டர் வீடு. கன்டெய்னர் எண்ணுகிற பையனுக்கா பெண் கொடுக்கிறீர்கள் என்று அன்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தப் பேச்சை விழுங்கியிருந்தாள். கார் வந்த அன்று அவள் அம்மா நவமணி பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, “மாப்ள ஜெயிச்சிட்டாரு,” என்று சொன்னாள். ஜெபசெல்வி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த ஒரு சொல்லை எதற்காகவும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஏப்ரலில் தம்பி ஷாம் வந்தான். சாகுபுரத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அம்மா அவனோடுதான் சாத்தான்குளத்தில் இருந்தாள். இரண்டு கிட்னியும் போய், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குத் தூத்துக்குடி வந்துபோக வேண்டியிருந்தது. அவனுடைய பழைய சின்னக் காரில் வந்து திரும்புவதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். நல்ல வண்டியாக வாங்க வேண்டும் என்று ஷாம் அலைந்தான். டர்போ இல்லாத சாதாரண வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். முடிவு சொல்வதற்கு முன்னால் அத்தான் வண்டியில் அம்மாவை உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று, மனைவி விஜிலாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

நேசக்குமார் அவர்களை ஏற்றிக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தான். திரும்பி வரும்போது நவமணி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியதும், “ஏளா செல்வி, கட்டில்ல கெடந்த மாதிரி இருந்துச்சு மக்கா. வலியே தெரியல,” என்றாள். அது பொய் இல்லை. சீட்டு அவ்வளவு நல்ல சீட்டுதான்.

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் ஷாம் அடுப்படிக்கு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, அத்தான் வண்டியப் பத்திப் பேசுனா அது சபையில சாட்சி சொல்லுத மாதிரி. அவுகள்ட்ட கேட்டுப் பிரயோசனமில்ல. நீ சொல்லு. அம்மைய வச்சுக்கிட்டுப் போற வண்டி. ஒரு தடவையாவது வழியில நின்னுருக்கா?”

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து விஜிலா தண்ணீர்ச் செம்போடு வாசலில் வந்து நின்றாள். விஜிலாவுக்கு ஒரு பாதிச் சிரிப்பு உண்டு. நாத்தனார் புருஷனின் பவிசைப் பற்றி யார் பேசினாலும் அந்தச் சிரிப்பு உதட்டோரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் உட்கார்ந்திருந்தது.

“சொல்லுங்க மைனி,” என்றாள். “காணிக்கையெல்லாம் போட்டீகளாமே.”

“ஒரு தடவகூட நின்னதில்லல,” என்றாள் ஜெபசெல்வி. “கண்ண மூடிட்டு வாங்கு.”

ஷாம் அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். அடுத்த மாதம் அதே கார், அதே வெள்ளை நிறம், சாத்தான்குளம் வீட்டு வாசலில் நின்றது. ஐயர் வந்து ஜெபம் செய்து, சாவியை அம்மா கையால் ஷாமுக்குக் கொடுக்கவைத்தார். நேசக்குமார் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டான். பன்னிரண்டாவது குடும்பம்.

அன்றிலிருந்து ஜெபசெல்விக்குச் செவ்வாயும் வெள்ளியும் வந்தால் சோறு இறங்காது. காலையிலேயே போன் போட்டு, “கிளம்பியாச்சா? எங்கன வாரீக? ஆத்தூர் தாண்டியாச்சா?” என்று விசாரிப்பாள். ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழைந்தது என்று கேட்ட பிறகுதான் பாடம் நடத்தவே முடியும். அக்காவுக்கு அம்மா மேல் என்ன பாசம் என்று ஷாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். அவளைத் தின்றது பாசம் இல்லை, பயம். ஒரு வரி சொன்னால் போதும், தம்பி வண்டியை மாற்றிவிடுவான். அந்த ஒரு வரியைத் தினமும் நாக்கு நுனி வரை கொண்டுவந்தாள், தினமும் விழுங்கினாள்.

ஆகஸ்டில் ஷாம் போன் செய்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது, இழுவை குறைந்து வண்டி கட்டை வண்டி மாதிரி ஊர்ந்தது, அப்புறம் தானே சரியாகிவிட்டது என்றான். அவர்கள் வண்டிக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. அடுத்து என்ன வரும் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தெரியும்.

“நீ போடுத பெட்ரோல் சரியில்ல மாப்ள. நல்ல பங்க்ல போடு,” என்றான் நேசக்குமார். போனை அவளிடம் நீட்டினான். “ஆமால, பெட்ரோல்தான்,” என்றாள் அவள்.

அக்டோபரில் குலசை அம்மன் கோயில் தசரா திருவிழா. செவ்வாய்க்கிழமை திருச்செந்தூர் ரோடு முழுக்க வேஷம் கட்டினவர்களும் மேளமும் வேன்களுமாக அடைத்துக் கிடந்தது. ஷாம் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு வண்டியைத் திருப்பினான். வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், கூட்டத்தில் அலைய முடியாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. விஜிலா வேலைக்குப் போய்விட்டாள். ஷாம் அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் சாய்த்து, வேகமாகக் கிளம்பினான்.

பதினொன்று இருபதுக்கு ஜெபசெல்வியின் போன் அடித்தது. அவளுக்கு வகுப்பில்லாத நேரம். ஆசிரியர் அறையில் அவர்கள் சபை ஐயரின் மனைவி ரேச்சல் டீச்சர் எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வண்டி நின்னுட்டு. முக்காணி தாண்டி, உப்பளத்துக்கு நடுவுல. அத்தானையும் லைன்ல போடு, எப்படி ஸ்டார்ட் பண்ணன்னு கேக்கணும். அம்மைக்கு மூச்சு முட்டுது.”

அவள் நேசக்குமாரையும் இணைத்தாள். அவன் நிதானமாகச் சொன்னான். “பயப்படாத மாப்ள. ஆஃப் பண்ணிட்டுப் பத்து நிமிஷம் விடு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணு.”

“நூத்தியெட்டுக்குப் போடவா அத்தான்?”

“இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சுக்கிட்டு நூத்தியெட்டு எதுக்குல? பத்து நிமிஷத்துல எந்திரிச்சிரும்.”

எந்திரிக்காது. ஜெபசெல்விக்கு அது தெரியும். மூன்று தடவையும் எந்திரிக்கவில்லை. மூன்று தடவையும் கயிறு கட்டித்தான் இழுத்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று. ஷாம் சாவியைத் திருகுகிற சத்தம் போனில் கேட்டது. இன்னொரு பத்து நிமிஷம் விடு என்றான் நேசக்குமார். ஏசி நின்றுபோன வண்டிக்குள், உப்பின் வெள்ளை வெயிலில், கட்டிலைப் போன்ற அந்தச் சீட்டில் கிடந்து அம்மா மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. நல்ல போன், நல்ல சிக்னல்.

“ஏலே, இறங்கி ஏதாவது லாரியக் கைகாட்டி நிறுத்து. அது எந்திரிக்காது. எங்க வண்டியும் மூணு தடவ இப்படித்தான் நின்னுச்சு.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லுவதற்கு மூச்சை இழுத்தாள். ரேச்சல் டீச்சர் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து, “என்ன டீச்சர், யாருக்கு என்ன?” என்று கேட்டாள். இந்த அம்மாள் புருஷன்தானே அந்த வரியை மைக்கில் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கத் திரும்பிப் பார்த்ததே என்று ஜெபசெல்விக்கு ஞாபகம் வந்தது. பெற்ற தாய் மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

“ஒண்ணுமில்ல டீச்சர், தம்பி,” என்றாள். பிறகு போனில், “அத்தான் சொல்லுத மாதிரி செய்ல,” என்றாள்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது, துண்டு துண்டாக. “மாப்ள சொன்னா… சரியா… இருக்கும்.”

சொரிமுத்து என்கிற உப்பு லாரி டிரைவர் தானாக நிறுத்தி இறங்கியபோது மணி பன்னிரண்டு பத்து. “ஏம்யா, பெரியாளு இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கு, நீரு போன்ல கதையா பேசுதீரு?” என்று ஷாமை அவர் வைத அத்தனை வசவும் போனில் கேட்டது. அவரே நவமணியைத் தூக்கி லாரியில் ஏற்றினார். முள்ளக்காடு தாண்டுகிறபோது ஷாமின் தோளில் அவள் தலை சாய்ந்தது. ஒரு அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். ஷாமின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டார்.

சாத்தான்குளத்தில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஷாம் அக்காவின் மடியில் விழுந்தான். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். “அதே வண்டிதானக்கா. உங்க வண்டி ஒரு நாளும் நிக்கல. என் கையிலதான் நின்னுச்சு. நான் ஒழுங்காப் பாக்கல. பெட்ரோல்னு அத்தான் அன்னைக்கே சொன்னாக. அம்மைய நாந்தாம்க்கா கொன்னுட்டேன்.”

அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்த ஜெபசெல்வியின் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது. “சர்வீஸ் காலாகாலத்துல விட்டியால?”

ஷாம் யோசித்தான். “ஒரு தடவ பத்து நாள் பிந்திட்டு,” என்றான். அந்தப் பத்து நாளை அவன் சாகும்வரை சுமப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

விஜிலா எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாதிச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “மைனி,” என்றாள். “அன்னைக்கு அடுப்படியில கேட்டதத்தான் இன்னைக்கும் கேக்கேன். கோவப்படாதீக. உங்க வண்டி நெசமாவே ஒரு தடவகூட நின்னதில்லையா?”

ஷாம் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு ஆசை இருந்தது. நின்றது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா, பழி வண்டியின் மேல் போய்விடாதா என்கிற ஆசை. அவனை அப்போதே காப்பாற்றியிருக்கலாம். நேசக்குமார் ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், கட்டைவிரல் அசையவில்லை.

“நின்னதில்ல,” என்றாள் ஜெபசெல்வி. இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிட எளிதாக இருந்தது.

விஜிலா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஷாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து காணிக்கை உறை ஒன்றை எடுத்து வந்தான். அக்கா கையில் பேனாவைக் கொடுத்தான். “ஞாயித்துக்கிழமை அம்மைக்காக வாசிக்கணும். நீதான் அழகா எழுதுவ. நான் சொல்லுத மாதிரி எழுது.”

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளம் ஆலயத்தில் அந்த ஊர் ஐயர் வாசித்தார். “ஷாம் குடும்பத்தார். காலஞ்சென்ற தாயார் நவமணி அம்மாளின் ஜீவியத்துக்கு நன்றியாகவும், மகனுடைய கவனக்குறைவைத் தேவன் மன்னிக்கும்படியாகவும்.” சபை திரும்பிப் பார்த்தது. ஷாம் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். கிழவிகள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஆமென் என்று சபையோடு சேர்ந்து ஜெபசெல்வியும் சொன்னாள்.

வெளியே வந்ததும் நேசக்குமார் தன் காரின் கதவைத் திறந்துவிட்டான். வீடு வரை நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு விஜிலா முன்னால் போய்விட்டாள். ஷாம் பின் சீட்டில், அம்மா சாய்ந்து தூங்கிய அதே பக்கத்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டான். வெளிச்சத்தம் அடங்கியது.

“என் வண்டிய வித்துருதேன்க்கா. அதப் பாக்கவே முடியல,” என்றான். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான். “இதுல ஏறுனாத்தான் பயமில்லாம இருக்கு.”

நேசக்குமார் வண்டியைக் கிளப்பினான். முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஜெபசெல்வி முன் சீட்டிலிருந்து கையை நீட்டி, பின்னால் இருப்பவனுக்குத் தெரியாதபடி தன் முந்தானையால் அதை மறைத்துக்கொண்டாள்.